மூளைச் சூப்பு வழக்கு

ஓய்வு பெறுகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டுத் துறை வாசலில் மாட்டுவோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்ததில் "சமூக நடத்தையில் வல்லுநர்" என்று ஒரு வரி இருந்தது. தட்டச்சு செய்த பெண் அந்த வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டாக்டர், கோழி ஞாபகம் வந்துருச்சு" என்றாள். கோழி விவகாரம் தட்டச்சு மேசை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால் இனி நான் மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மசாவுசோ சக்காலா. மசாவுசோ என்றால் எங்கள் பேச்சில் துன்பங்கள். நான் பிறந்த வாரம் கிட்வே செம்புச் சுரங்கத்தில் அப்பாவுக்குக் கால் ஒடிந்தது. அதனால் இந்தப் பெயர். கால் இரண்டு மாதத்தில் கூடிவிட்டது, பெயர் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பூர்வீகம் சிபாட்டா, ஜாதி இங்கோனி. ஜெர்மனியில் நாலு வருடம் குளிரில் நடுங்கி மூளையைப் பற்றிப் படித்து, 1989-இல் எங்கள் தலைநகர் லுசாக்காவுக்குத் திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் துறையில் ஒரு கொள்கை கொடி கட்டிப் பறந்தது. கூட்டமாக வாழும் பிராணிக்குப் பெரிய மூளை வேண்டும். யார் நமக்கு வேண்டியவன், யார் வேண்டாதவன், நேற்று யாரைப் பார்த்து முறைத்தோம் என்பதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டுமே, அதனால்தான் மூளை வளர்ந்தது என்பார்கள். குரங்குகளை வைத்துச் சொன்னது. நான் அதை அகழெலியை வைத்துச் சோதிக்கிறேன் என்று கிளம்பினேன். லுசாக்காவைச் சுற்றி இருக்கும் அகழெலி மண்ணுக்கடியில் குடும்பமாக வாழ்கிறது. ஓர் அப்பா, ஓர் அம்மா, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் ஜோடி தேடாமல் வளை தோண்டியே காலத்தைக் கழிக்கும். சிபாட்டா பக்கத்து வெள்ளி நிற அகழெலி தனிக்கட்டை. தன் இனத்தான் இன்னொருவன் வளைக்குள் வந்தால் கடித்துத் துரத்தும். இரண்டின் மூளையிலும் எத்தனை நரம்புச் செல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

எண்ணினேன். இருபத்தேழு வருடம் எண்ணினேன். குடும்பஸ்தனுக்கும் தனிக்கட்டைக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்லை. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவன் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். என் விஷயத்தில் அது அப்படியே உத்தியோகம்.

எண்ணும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் வந்தது. மூளையை மருந்தில் ஊறவைத்து, கண்ணாடிக் குழாயில் போட்டு இடித்துக் கரைத்து, சாயம் ஏற்றி, அதில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டும். கலங்கலாக, பழுப்பாக இருக்கும் அந்தக் கரைசலுக்கு எங்கள் தொழிலில் சூப்பு என்றுதான் பெயர். பெரிய பெரிய மேடைகளில்கூட அப்படித்தான் சொல்வார்கள்.

எலியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் பதிவேடு எழுதுவதும் கபாசாவின் வேலை. ஃபெலிக்ஸ் கபாசா, எங்கள் ஆய்வகப் பணியாளன், கசாமாவிலிருந்து வந்த பெம்பா. வளையில் ஓட்டை போட்டுவிட்டு மண்வெட்டியோடு அசையாமல் நிற்பான். காற்று புகுந்துவிட்டதே என்று உள்ளிருந்து ஒன்று மூட வரும். பின்னால் ஒரே வெட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் கையில் வந்துவிடும். நான் முயன்றால் என் செருப்புதான் வெட்டுப்படும்.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் என் பெயரைக் கேட்டுவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை இது: "சக்காலாவா? சிபாட்டாவா? அப்ப எலிக்கூண்டுச் சாவி என்கிட்டயே இருக்கட்டும் டாக்டரே."

பெம்பாவுக்கும் இங்கோனிக்கும் முன்னொரு காலத்தில் வெட்டுக்குத்து. அடித்து ஓய்ந்த பிறகு இரண்டு ஜாதியும் மச்சான் முறையாகிவிட்டது. சிம்புயா என்போம். இந்த முறைக்காரன் என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டிலும் ஏசலாம், எழவு வீட்டிலும் ஏசலாம். நாங்கள் எலி தின்னிகள், அவர்கள் குரங்கு தின்னிகள். வாங்கினால் திருப்பிக் கொடுக்கலாம், கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் கோழி கொடுத்து முறையைச் சரிக்கட்ட வேண்டும். இது சிறு குழந்தைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் திருப்பிக் கொடுக்க வராது. கபாசா எதையாவது சொல்லும்போது ஆய்வகமே என் வாயைப் பார்க்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெம்பாக்களில் எத்தனை பேர் குரங்கு சாப்பிடுகிறார்கள் என்பதற்குச் சரியான புள்ளிவிவரம் இல்லை" என்பேன். ஒருமுறை இப்படிச் சொன்னதற்கு அவன் என் தோளைத் தட்டி, "பரவால்ல மச்சான், நாளைக்கு யோசிச்சுட்டு வா" என்றான். நான் நிஜமாகவே யோசித்துக்கொண்டு போனேன். மறுநாள் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. அது வெளியே தெரிந்தால் என் மானம் போய்விடும் என்று ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். நான் எலி தின்றதே இல்லை. கிட்வேயில் அப்பா கோழி வாங்கிப் போட்டு வளர்த்துவிட்டார். பிறகு சிபாட்டாவுக்குப் போகும்போதெல்லாம் உப்பில் அவித்து முடியோடு காயவைத்த எலியைக் குச்சியில் செருகி நீட்டுவார்கள். எனக்குக் குமட்டும். மூட்டுவலி, டாக்டர் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்பேன். ஒருமுறை சோங்வேயில் எலி தோண்டப் போன இடத்தில் ஒரு பெரியவர் ஆசையாகக் கொடுத்தார். மென்றுகொண்டிருப்பதுபோல் வாயை அசைத்துவிட்டு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எலி தின்னாத இங்கோனி என்றால் எங்கள் ஆட்கள் பெண்ணெடுத்த உறவைக்கூட மறுபரிசீலனை செய்வார்கள்.

2016-இல் எங்களுக்கு உதவித்தொகை தரும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து டாக்டர் கிர்ஸ்டன் என்ற அம்மாள் ஆய்வகத்தைச் சோதிக்க வந்தார். பிராணிகளைச் சரியாக நடத்துகிறோமா என்று பார்ப்பது அவர் வேலை. நல்ல மனுஷி, எதைக் கேட்டாலும் நோட்டில் எழுதிக்கொள்வார். நான் வகுப்பில் இருந்த நேரம் கபாசாவிடம் கேட்டிருக்கிறார்.

"மூளையை எடுத்து என்ன செய்வாங்க?"

"சூப்பு வெப்பாரு மேடம்."

"மீதி உடம்பு?"

"டாக்டர் இங்கோனி மேடம். அவர்கிட்ட எலியைக் குடுத்துட்டு மீதி எங்கன்னு கேக்கலாமா? எலும்புகூட மிஞ்சாது."

சுற்றியிருந்த மாணவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மாளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. "ஆய்வு முடிந்த பிராணிகள் முதன்மை ஆய்வாளரால் உணவாகப் பயன்படுத்தப்படுவதாக ஆய்வகப் பணியாளர் தெரிவித்தார்" என்று இருந்தது. விசாரணை முடியும் வரை ஒரு பிராணியையும் தொடக் கூடாது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பொதுவான பேச்சு. மூளையைப் பற்றியே படித்த ஆத்திரக்காரனுக்கு அது இன்னும் மட்டு. உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் இரண்டு பக்கப் புகார் எழுதினேன். கபாசா சோதனைக்கு வந்தவரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தார், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வரும் வழியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் பதிவாளர் அலுவலக எழுத்தர் என்னை வழியில் நிறுத்தினார்.

"டாக்டர், நீங்க எழுதினது என்னன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா? சோதனைக்கு வந்தவங்ககிட்ட பொய் சொன்னா வேலை நீக்கம். பென்ஷன் கிடையாது. அந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் நாலு மாசம்தான் இருக்கு."

"திருப்பிக் குடுத்துருங்க. கிழிச்சுப் போட்டுடறேன்."

"முத்திரை குத்தியாச்சு. இனிமே விசாரணைலதான் பேச முடியும்."

ஆய்வகத்துக்கு ஓடினேன். கபாசா கூண்டுகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். புகாரின் நகல் அவன் சட்டைப் பையில் மடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் மார்னிங் டாக்டர் சக்காலா" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினோரு நாள் இதே மரியாதை. எலி இல்லை, மச்சான் இல்லை, நாளைக்கு யோசித்துவிட்டு வா என்ற பேச்சு இல்லை. என்ன கேட்டாலும் "சரிங்க டாக்டர்." மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க ஆபீஸ் விஷயமா எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல பேசிக்கலாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். அன்று கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். அவன் வேலை போய்விடும் என்பதற்காக அழுதேன். அது போகாமல் தப்பி, மிச்சமிருக்கும் ஒரு வருடம் நாலு மாதமும் இப்படியே மரியாதையாக இருந்துவிடுவானோ என்றும் அழுதேன்.

விசாரணைக்கு நான் திரையில் காட்டப் பதினான்கு படங்களோடு தயாரானேன். பெம்பா–இங்கோனி முறையையும் மூளையின் எந்தெந்தப் பகுதி கேலியைப் புரிந்துகொள்கிறது என்பதையும் இணைத்து ஒரு உரை. மூன்று வரைபடம், ஒரு அட்டவணை. சொல்லி முடித்தால் உலகத்தில் எந்த நகைச்சுவையும் உயிரோடிருக்காது. நல்லவேளை, எங்களுக்கு அக்டோபர் மாதம்தான் கடும் கோடை, அறைக்குள் நுழையவும் கரண்ட் போய்விட்டது. மாலைதான் வரும் என்றார்கள். புழுக்கத்தில் வெறும் வாயோடு உட்கார்ந்தேன்.

விசாரணைக்குத் தலைமை பேராசிரியை நசிலேலே. லோசி ஜாதிக்காரர், நிதானமானவர். பக்கத்தில் டாக்டர் கிர்ஸ்டன் நோட்டோடு. பின்வரிசையில் ஊழியர் சங்கத்திலிருந்து நாலு பேர், அதில் மூன்று பேர் எங்கள் சிபாட்டா ஆட்கள்.

பேராசிரியை முதலில் பதிவேட்டை எடுத்தார். கபாசாவின் குண்டுக் கையெழுத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பிராணிகளின் எண், இறந்த தேதி, எரித்த தேதி, எரித்த இடத்துக் காவலாளியின் கையெழுத்து எல்லாம் இருந்தன. ஒரு வால்கூடக் குறையவில்லை.

"பதிவேடு சரியா இருக்கு" என்றார் பேராசிரியை. "அப்ப டாக்டர் சக்காலா சாப்பிடலை."

டாக்டர் கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பினார். குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "உங்க ஊர்ல இதைச் சாப்பிடறது வழக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. அதனால நேரடியாவே கேக்கறேன். நீங்க எப்பவாவது எலி சாப்பிட்டிருக்கீங்களா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நான் சுத்தம். கபாசா பொய்யன் என்பது இன்னும் நன்றாக நிரூபணமாகும். பின்வரிசையில் சிபாட்டா ஆட்கள் மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"அந்தாளைக் கேக்காதீங்க மேடம்" என்றான் கபாசா. பதினோரு நாளில் முதல் முறையாக அந்தக் குரல். "தின்ன வாய் ஒத்துக்குமா? தின்கிறாரு. உப்பு போட்டுத்தான் தின்கிறாரு. வாலைக் கடைசியா வெச்சுக்குவாரு."

பேராசிரியை பதிவேட்டின் மேல் விரலை வைத்தார்.

"மிஸ்டர் கபாசா," என்றார் பேராசிரியை, "உங்க வேலை போற நிலைமைல இருக்கு, தெரியுதா? எல்லாத்தையும் எரிச்சாச்சுன்னு உங்க கையெழுத்துதான் சொல்லுது. ஒண்ணு அது பொய்யா இருக்கணும், இல்லன்னா நீங்க சொன்னது பொய்யா இருக்கணும்."

"ரெஜிஸ்டர் நிஜம்மா. நான் சொன்னது ஏச்சு. ஏச்சு எப்படிம்மா பொய்யாகும்?"

"அப்ப அதை வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சிரும்."

கபாசா கைகளைப் பார்த்துக்கொண்டான். நகக்கண்ணில் சோங்வே மண் இருந்தது. "எழுதித் தரலாம்மா. தந்துட்டா அந்தாளு எனக்கு யாரு? வெறும் டாக்டரு. நான் யாரு? கூண்டு கழுவறவன். இருபத்தேழு வருஷமா அப்படி இல்லம்மா."

டாக்டர் கிர்ஸ்டன் எழுதுவதை நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பி, "இது ஏச்சுதான்னா, நீங்க ஏன் புகார் குடுத்தீங்க?" என்றார்.

எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். பின்வரிசையில் யாரோ, "புள்ளிவிவரம் வருது" என்று முணுமுணுத்தார்.

"மேடம், இருபத்தேழு வருஷம் நான் மூளையை இடிச்சு சூப்பு வெச்சுக் கண்டுபிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். "சேர்ந்து வாழறதுக்குப் பெரிய மூளை வேணும்னு அவசியமில்ல. இதுக்கு நானூத்திப் பன்னிரண்டு எலியைக் கொன்னிருக்கவே வேண்டாம். இந்தப் பெம்பா என் எதிர்லயே உக்காந்திருந்தான். குரங்கு தின்னு தின்னு இவனுக்கு இருக்கிற மூளை குரங்கோட மூளை. அதுவும் கடன் வாங்கினது. ஆனாலும் சேர்ந்து வாழறதுல எலி இவன்கிட்டப் பிச்சை வாங்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "புகார் எழுதினவனுக்கு அந்தக் குரங்கு மூளைகூட இல்ல மேடம். அதனாலதான் எழுதினான்."

கபாசா மேசையை ஓங்கித் தட்டினான். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. "இருபத்தேழு வருஷம் ஆச்சும்மா" என்றான் பேராசிரியையிடம். "இருபத்தேழு வருஷம், இந்தாளு வாயிலருந்து ஒண்ணு வர."

பேராசிரியை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் லோசி. எனக்கும் முறைக்காரங்களா டோங்கா ஆளுங்க இருக்காங்க, டெய்லி உயிரை எடுப்பாங்க. டாக்டர் கிர்ஸ்டன், பதிவேடு சுத்தம். மீதியை நீங்க எப்படி வேணா எழுதிக்குங்க." அந்த அம்மாள் எழுதியதைப் பிறகு அறிக்கையில் பார்த்தேன்: "பணியாளரின் கூற்று தகவல் அல்ல; உறவுமுறை சார்ந்த ஏச்சு." எனக்குத் தெரிந்து சமூக நடத்தையைப் பற்றி எங்கள் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த மிகச் சரியான வாக்கியம் அதுதான். நான் எழுதியதல்ல.

புகார் தள்ளுபடி ஆனது. எழும்போது கபாசா கையைத் தூக்கினான். "அம்மா, முறைக்காரன் மேல கோபப்பட்டிருக்காரு. கோழி?"

"கோழி நடவடிக்கைக் குறிப்புல வராது" என்றார் பேராசிரியை. "ஆனா குடுத்தாகணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கலிங்கலிங்காவில் அவன் வீட்டுக்குக் கோழியோடு போனேன். கபாசா அதை வாங்கி எடை பார்த்தான், இறக்கையைத் தூக்கிப் பார்த்தான். "பண்ணைக் கோழியக் குடுத்து ஏமாத்திருவியோன்னு பார்த்தேன். நாட்டுக்கோழிதான். பரவால்ல." அவன் மனைவி பானா சோலா அதைச் சமைத்து, ந்ஷிமா என்கிற சோளக்களியோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். கபாசா எழுந்து கதவைச் சாத்தினான். மேசை மேல் மூடியிருந்த எனாமல் தட்டைத் திறந்தான். குச்சியில் செருகிய எலிகள், ஒன்பது, முடியோடு.

"சாப்பிடு."

"எனக்கு மூட்டுவலி, கபாசா. டாக்டர்..."

"சோங்வேல ஒரு பெரியவர் குடுத்தாரே, தொண்ணூத்தொண்ணுல. கோட்டுப் பையில போட்டுக்கிட்டியே. அந்தக் கோட்டைத் தோய்க்க யார்கிட்டக் குடுத்த?"

எனக்குக் காது சுட்டது.

"அன்னைலருந்து உனக்குத் தெரியுமா?"

"எலி செத்து நாறிப்போச்சு, தெரியாம இருக்குமா?"

"ஏன் யார்கிட்டயும் சொல்லல? உனக்குக் கிடைச்சிருக்கிற பெரிய ஏச்சு அதுதானே?"

கபாசா ந்ஷிமாவை உருட்டிக்கொண்டே சொன்னான்: "எலி தின்னாத இங்கோனின்னு தெரிஞ்சா உங்க ஆளுங்களே உன்னைத் தள்ளி வெச்சுருவாங்க. அப்புறம் நான் யாரை ஏசறது? அதான் தினம் நாலு பேர் காதுல விழற மாதிரி, தின்கிறான் தின்கிறான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் சொன்னா எவனும் சந்தேகப்பட மாட்டான்ல. அன்னைக்கு அந்த அம்மா முன்னால நீ உண்மையைச் சொல்லப் பார்த்த. பின்னாடி உங்க ஆளுங்க மூணு பேர் உக்காந்திருக்காங்க. மடையா."

இருபத்தேழு வருடம் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எதிரே இருந்த மனிதன் தனக்காக என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரியவில்லை. நான் குச்சியிலிருந்து ஒன்றை உருவினேன். கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கடித்தேன். மொறுமொறுவென்று இருந்தது, உப்புக் கரித்தது. மென்றேன், விழுங்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது கபாசா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"உப்பு கொஞ்சம் கூட" என்றேன்.

கபாசா எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தான். வெளியே வெயிலில் அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தான்: "எல்லாரும் இங்க வந்து பாருங்க. என் வீட்டுல ஒரு இங்கோனிக்காரன் உக்காந்து எலி தின்றான்."

அவர்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் கையில் பாதி எலி இருந்தது. கபாசா என்னைப் பற்றிச் சொன்னதில் உண்மையானது அது ஒன்றுதான்.